பழைய பாவில் ஒரு புது ஊடை

ஓர் இசையைப் பற்றி எழுத முற்படுகிறவனுக்கு அந்த இசையில் ஓரளவேனும் பயிற்சி இருக்க வேண்டும் என்று வாசகர்கள் எதிர்பார்ப்பது நியாயமே. இக்கட்டுரையின் பொருளில் எனக்கு அத்தகைய பயிற்சி கிடையாது. நாகசுரமும் தவிலும் நையாண்டி மேளமும் கேட்டு வளர்ந்த கரிசல்காட்டுச் செவி என்னுடையது. இருந்தும் எழுதத் துணிந்தேன் என்றால், சென்ற கோடையில் அருப்புக்கோட்டையில் என் தங்கை வீட்டுத் திண்ணையில் மூன்று மாலைப் பொழுதுகள் தொடர்ந்து நடந்த ஒரு வாக்குவாதமே அதற்குக் காரணம்.

வாதிட்டவர்கள் இருவர். ஒருவன் என் தங்கை மகன்; விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். மற்றவன் அவனுடைய நண்பன்; திருச்சுழிக்கு அப்பால் குண்டாற்றை ஒட்டிய சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து நூற்பாலையில் பணி செய்து திரும்புகிறவன். அவர்கள் வாதிட்டது அரசியலைப் பற்றியன்று. திரைப்பட நடிகர்களைப் பற்றியுமன்று. பெங்களூரில் இருக்கும் 'கிரிப்டோஸ்' என்னும் இசைக்குழுவைப் பற்றி.

இப்பெயரை நம் வாசகர்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்கு 'மறைந்திருப்பது' என்று பொருள். பெயருக்கேற்ப, பலருக்கும் மறைந்தே இருக்கிற குழு அது. 1998-இல் தொடங்கிய அக்குழு 2004 முதல் 2024 வரை ஏழு இசைத்தொகுப்புகளை வெளியிட்டுள்ளது. அவர்கள் இசைப்பது 'ஹெவி மெட்டல்' என்று வழங்கும் மேலைநாட்டு இசை. மின் கிதாரின் ஒலியை வேண்டுமென்றே கரடுமுரடாக்கி, தடித்த தந்திகளில் சிறிய சுரத்தொடர் ஒன்றைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதன் மேல் பாட்டை எழுப்புவது இதன் முறை. அந்தச் சுரத்தொடரை 'ரிஃப்' என்பார்கள். இவ்விசையிலும் இன்று எத்தனையோ புதுக்கிளைகள் தோன்றிவிட்டன. கிரிப்டோஸ் குழுவினரோ 1980-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் வழங்கிய பழைய பாணியையே பற்றி நிற்கிறார்கள். வாக்குவாதம் எழுந்ததும் அதனால்தான்.

நண்பனின் கட்சி இது. முதல் மூன்று தொகுப்புகளான 'ஸ்பைரல் அசென்ட்' (2004), 'தி ஆர்க் ஆஃப் ஜெமினி' (2008), 'தி காயில்ஸ் ஆஃப் அப்பொல்லியோன்' (2012) ஆகியவற்றில் தேடல் இருந்தது. பாடல்கள் எதிர்பாராத திசைகளில் திரும்பின. 2016-இல் வெளிவந்த 'பர்ன் அப் தி நைட்' முதலாக எல்லாம் நேர்கோடாகி, பழைய ஆங்கிலக் குழுக்களின் நகலாகிவிட்டது. "மொதல்ல தனக்குன்னு ஒரு மூளை இருந்துச்சு சார். இப்ப அடுத்தவன் சட்டையப் போட்டுக்கிட்டு நிக்கிறாங்க" என்றான் என்னிடம்.

மருமகனின் கட்சி நேர் எதிரானது. முதலில் அவர்கள் தங்கள் வித்தையெல்லாம் காட்ட முயன்றார்கள். பின்னரே எது தேவை என்று அறிந்து மற்றதை விட்டார்கள். "விட்டதுதான் மாமா அவங்க கத்துக்கிட்டது" என்றான்.

மூன்றாம் நாள் மாலை, அதுவரை வாய்திறவாது வெற்றிலை மென்றுகொண்டிருந்த என் தங்கையின் கணவர் குறுக்கிட்டார். "செத்துப்போன காலத்துப் பாட்டுக்கு எதுக்குடா இம்புட்டுச் சண்டை?"

மகன் சட்டென்று திரும்பினான். "நீங்க நெஞ்ச சேலையும் செத்துப்போன காலந்தானப்பா?"

திண்ணையில் எவரும் பேசவில்லை. நாற்பது ஆண்டுகள் குழித்தறியில் அமர்ந்து கால்மிதி மிதித்தவர் அவர். கூலி கட்டாமல் போனதும் தறியைப் பிரித்துக் கொட்டகையில் சாத்திவைத்தார். சில ஆண்டுகளில் அது விறகாயிற்று. மகன் அவரைப் புண்படுத்த எண்ணிச் சொல்லவில்லை. உண்மையான கேள்வியாகவே கேட்டான். காலம் கடந்துவிட்டதாக உலகம் முடிவுகட்டிய ஒரு வடிவத்தில் ஒருவன் உழைத்தால், அவ்வுழைப்புக்கு மதிப்பு உண்டா? அவன் கேட்டது இதைத்தான். அக்கேள்வியோடுதான் அந்த ஏழு தொகுப்புகளையும், மருமகன் தந்த செவிக்கருவியைப் பொருத்திக்கொண்டு, வரிசையாக இருமுறை கேட்டேன்.

இந்த இசை உங்களை எப்படிப் பிடித்தது என்று முதலில் இளைஞர்களைக் கேட்டேன். மருமகன் சொன்ன விடை எளிமையானது. "தறிச் சத்தத்துக்குள்ள நின்னு கேக்குற பாட்டு இது ஒண்ணுதான் மாமா. மத்ததெல்லாம் கரைஞ்சு போகுது." விசைத்தறிக் கூடத்தின் வாசலில் நின்றவர்களுக்கு இவ்விடையின் பொருள் விளங்கும். மெல்லிய குழலோசை அங்கே எடுபடாது. தறியின் அடிக்கு ஈடாக அடிக்கும் இசையே அங்கே நிலைக்கும்.

இவ்விசை பிறந்த கதையை அறிந்தால் இது வியப்பன்று என்பது புலப்படும். ஆலைகள் நிறைந்த பர்மிங்காம் நகரில், உழைப்பாளர் குடும்பங்களில் பிறந்த நால்வர் சேர்ந்து அமைத்த 'பிளாக் சபத்' குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்தது. இவ்வகையின் தொடக்கம் அதுவே என்பது பெரும்பாலோர் கருத்து. அக்குழுவின் கிதார் கலைஞர் டோனி அயோமி 17 வயதில் ஒரு தகட்டு ஆலையில் வேலை பார்த்தவர். வேலையிலிருந்து விலகவிருந்த கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளைத் துண்டித்துவிட்டது. இடக்கை வழக்கமுள்ள அவருக்குத் தந்தியை அழுத்த வேண்டிய கை அது. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல் நுனிகளுக்கு உறை செய்து, அதன்மேல் தோலை ஒட்டி, மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். விரல் வலி தாளாமல் மெல்லிய தந்திகளைக் கட்டினார். பின்னர் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் தாழ்த்தினார். இவ்விசையின் கனத்த, இருண்ட ஒலிக்கு அந்தத் தாழ்ந்த சுருதி ஒரு முதன்மைக் காரணம். இதை நான் படித்துச் சொன்னபோது மருமகன் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டான்.

அக்குழுவினர் தங்கள் கடைசி நிகழ்ச்சியை 2025 ஜூலை 5 அன்று அதே பர்மிங்காமில், தாங்கள் வளர்ந்த ஆஸ்டன் பகுதியிலேயே நடத்தினார்கள். அதன்பின் மூன்று வாரங்கள் முடியுமுன்னரே பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் மறைந்தார். ஆலைத் தெருவில் தொடங்கியது அத்தெருவுக்கே திரும்பி வந்து நிறைவுற்றது.

இனி, நகல் என்னும் குற்றச்சாட்டுக்கு வருவோம். பர்மிங்காமில் இன்று ஓர் இளைஞன் 1980-இன் பாணியில் இசைத்தால், அவன் தன் தந்தையின் காலத்துக்குத் திரும்பிச் செல்கிறான் எனலாம். பெங்களூரின் நிலை வேறு. இவ்வகையின் பெருங்குழுக்களில் ஒன்றான 'அயர்ன் மெய்டன்' இந்திய மண்ணில் முதன்முதலாக இசைத்தது 2007 மார்ச் 17 அன்று, பெங்களூர் அரண்மனை மைதானத்தில். கிரிப்டோஸ் தொடங்கி அப்போது ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1990-களில் நம் நாட்டில் இவ்விசையை விரும்பியவர்களுக்குக் கிடைத்தவை, கைமாறி வந்த ஒலிநாடாக்கள். 1975-இன் பாட்டும் 1990-இன் பாட்டும் ஒரே நாடாவின் இரு பக்கங்களில் ஒன்றாக வந்து சேர்ந்தன. பழையது எது, புதியது எது என்ற பேதம் அந்தச் செவிக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆகவே அவர்களை 'பழைமைக்குத் திரும்பியவர்கள்' என்று அழைப்பது பிறர் நாட்காட்டியை அவர்கள் சுவரில் மாட்டுவதாகும். அவர்களுக்கு அந்த இசை அன்றுதான் வந்து சேர்ந்தது.

நகலுக்கும் மரபுக்கும் உள்ள வேறுபாட்டை நெசவாளர் ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மாதிரிச் சேலையை முன்னே விரித்துவைத்து இழை இழையாகப் பார்த்து நெய்தால் அது நகல். கணக்கு கைக்குள் போய்விட்டபின் மாதிரி இல்லாமலே நெய்தால் அது மரபு. 'பர்ன் அப் தி நைட்' தொகுப்பைக் கேட்கும்போது கணக்கு கைக்குள் போனவர்களின் நெசவையே நான் உணர்ந்தேன். ரிஃப் ஒன்று எழுகிறது. நான்கு முறை வருகிறது. ஐந்தாம் முறை வருமென்று நாம் காத்திருக்கும் இடத்தில் அரையடி முன்னதாகவே அடுத்ததற்கு வழிவிடுகிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்ற அறிவு இரவல் வாங்கக் கூடியதன்று.

இக்குழுவின் தனிச்சிறப்பாக நான் கருதுவது நோலன் லூயிஸ், ரோஹித் சதுர்வேதி ஆகிய இருவரின் இணைக் கிதார் வாசிப்பு. நம் நாகசுரக் கச்சேரிகளில் இருவர் சேர்ந்து வாசித்தால் ஒரே சுரத்தில் இணைவர். இங்கே ஒரே மெட்டை இருவரும் வெவ்வேறு சுர உயரங்களில், குறித்த இடைவெளி விட்டு வாசிக்கிறார்கள். இது இங்கிலாந்தின் 'ஜூடாஸ் பிரீஸ்ட்', 'அயர்ன் மெய்டன்' குழுக்களிடமிருந்து பெற்ற முறையே. ஆனால் கிரிப்டோஸ் அதனை அலங்காரமாகச் செய்வதில்லை. முரட்டு ரிஃப்களுக்கு நடுவே அந்த இணை மெட்டு வரும்போது, நெருக்கமாக ஓடிய பாவு சற்றே விரிந்து வெளிச்சம் ஊடுருவுவது போல் இருக்கிறது. 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் அவர்கள் இசைத்தார்கள். வாக்கன், சுமார் 2,000 பேர் வாழும் விவசாயச் சிற்றூர். 1990 முதல் அங்கே இவ்விசைக்கென ஆண்டுதோறும் பெருவிழா நடக்கிறது. அந்த மேடைக்கு அழைக்கப்பட்டதும், 2016 முதல் ஜெர்மானிய நிறுவனம் ஒன்று அவர்கள் தொகுப்புகளை வெளியிட்டு வருவதும், இவ்விசையில் ஊறிய செவிகள் அவர்களை வெறும் நகல் என்று தள்ளிவிடவில்லை என்பதற்குச் சான்று.

'இது நம்முடைய இசையா?' என்று வேறொருவர் கேட்கக்கூடும். அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிச் சாலையில் பந்தல்குடியைக் கடந்து தெற்கே சென்றால் எட்டயபுரம் வரும். ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குப் பழக்கிய முன்னோடியான பாலுசுவாமி தீட்சிதர் அந்த அரண்மனையின் வித்துவானாக விளங்கியவர். அவருடைய அண்ணன் முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் அவ்வூரில்தான். அந்நியக் கருவி ஒன்று நம்முடையதாக மாறிய வரலாற்றில் இந்த வறண்ட பூமிக்கும் பங்குண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இன்று வயலினை எவரும் வெளிநாட்டுக் கருவி என்று ஒதுக்குவதில்லை. ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பதோடு, வந்தபின் அதை வைத்து என்ன செய்தோம் என்பதும் உரிமையை முடிவுசெய்கிறது.

நம் இல்லங்களில் இவ்விசையின்மீது இன்னுமோர் அச்சமும் உண்டு. இது சாத்தானின் இசை என்பார்கள். 1990-இல் நியூயார்க் பேராயர் கர்தினால் ஜான் ஓ'கானர் மறையுரையிலேயே இதனைக் கண்டித்துப் பேசினார். இவ்விசையில் வெறுப்பையும் இறைநிந்தனையையும் வணிகச் சரக்காக்கியவர்கள் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஆனால் 'அப்பொல்லியோன்' என்ற பெயரைக் கண்டு திடுக்கிடுகிறவர்கள் திருவெளிப்பாடு நூலின் ஒன்பதாம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். பாதாளத்தின் தூதனாக அப்பெயர் அங்கேதான் வருகிறது. பிளாக் சபத் குழுவின் பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதிய கீசர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். 1971-இல் வெளிவந்த 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்னும் அவருடைய பாடல் கடவுள் நம்பிக்கையைப் பற்றியது. தீமையை வரைந்து காட்டுவது தீமையை வணங்குவதாகாது என்பதை நம் கோவில் சுவர்களில் இறுதித் தீர்ப்பின் ஓவியங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் அறிவார்கள்.

இவ்வளவு சொன்னபின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். அன்றேல் இது விமர்சனம் ஆகாது.

முதற்குறை குரல். நோலன் லூயிஸ் பாடுவது கரகரத்த, உறுமும் குரலில். ஜூடாஸ் பிரீஸ்ட்டின் ராப் ஹால்ஃபோர்ட் போன்றவர்கள் உச்ச சுருதியில் ஏறிப் பாடிய மரபுக்கு இது மாறானது. மாறுபட்டதால் குறையன்று, ஒரே நிறமாக இருப்பதால் குறை. கோபத்திலும் துயரிலும் களிப்பிலும் அக்குரல் ஒன்றாகவே ஒலிக்கிறது. கிதார்கள் பல மனநிலைகளைப் பேசும்போது குரல் ஒன்றையே பேசினால் பாட்டின் பாதி ஊமையாகிவிடுகிறது.

இரண்டாவது, பாடலின் பொருள். பண்டைய புராணங்கள், நள்ளிரவு, வேகம், எரியும் வானம் என்று இவ்வகைக்குப் பொதுவான சொற்களஞ்சியமே அவர்களுடையதும். பிளாக் சபத் குழுவினர் தங்கள் ஆலைத் தெருவின் அச்சத்தையும் போரின்மீது கொண்ட சினத்தையும் பாட்டில் வைத்தார்கள். கால் நூற்றாண்டுக்கு மேல் பெங்களூரில் வாழ்ந்த குழுவின் பாட்டில் பெங்களூர் எங்கே? வற்றிய ஏரி, இரவெல்லாம் விழித்திருக்கும் அலுவலகம், வேலை தேடி வந்திறங்கும் கூட்டம் ஆகிய எதுவும் என் செவிக்கு எட்டவில்லை. வடிவத்தைக் கைவசப்படுத்தியவர்கள் அதற்குள் தங்கள் ஊரை வைத்திருக்கலாம். இக்குறை நகல் என்னும் குற்றச்சாட்டைவிடக் கனமானது என்பது என் துணிபு.

மூன்றாவது, அண்மைத் தொகுப்புகளின் ஒருசீர்மை. 'ஆஃப்டர்பர்னர்' (2019), 'ஃபோர்ஸ் ஆஃப் டேஞ்சர்' (2021), 'டெசிமேட்டர்' (2024) மூன்றையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்கியது என்பதை ஓரிடத்தில் தவறவிட்டேன். பழகாத செவியின் பிழை இதில் பாதியாயினும் மீதிப் பாதி குழுவினுடையது.

அப்படியானால் திண்ணை வழக்கில் வென்றவர் யார்? முதல் மூன்று தொகுப்புகளில் தேடல் இருந்தது என்ற நண்பனின் கூற்று உண்மை. ஆயினும் தேடலே நிறைவாகிவிடாது. அவற்றில் பல பாடல்கள் முடிய வேண்டிய இடத்தைக் கடந்தும் நடக்கின்றன. விட்டதே கற்றது என்ற மருமகனின் கூற்றும் உண்மை. ஆயினும் விடுவதற்கும் ஓர் எல்லை உண்டு. எல்லாவற்றையும் விட்டபின் வழக்கம் மட்டுமே எஞ்சும் ஆபத்து இருக்கிறது. இரண்டு காலங்களும் சந்திக்கும் இடமாக 2016-இன் தொகுப்பை நான் காண்கிறேன். தேடலின் சூடு ஆறாமலும் வித்தையின் சுமை இல்லாமலும் அமைந்த தொகுப்பு அது. ஒன்றே ஒன்றைக் கேட்க விரும்பும் வாசகருக்கு அதையே பரிந்துரைப்பேன்.

காலம் கடந்த வடிவத்தில் உழைப்பதற்கு மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு இக்குழு தரும் விடை, உண்டு என்பதே. ஒரு வடிவம் தோன்றிய ஊரில் அது பழையதாகிவிட்ட பின்னும், வேறோர் ஊரில் அதை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டவனின் கையில் அது உயிரோடு இருக்கிறது. பெரும் புகழும் பணமும் கிட்டாத நிலையில் ஒரு குழு இத்தனை ஆண்டுகள் அதில் நிலைத்திருப்பது பொழுதுபோக்கால் ஆகக்கூடியதன்று. ஆனால் கைத்திறனோடு தன் வாழ்வையும் அவ்வடிவத்துக்குள் வைப்பவனே அதை அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துச் செல்ல முடியும். கிரிப்டோஸ் இன்னும் அதைச் செய்யவில்லை. செய்யக்கூடிய திறம் அவர்களிடம் உண்டு.

ஊருக்குத் திரும்பும் முன் இவற்றையெல்லாம் இளைஞர்களிடம் விரிவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் தங்கையின் கணவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து மகனிடம் கையை நீட்டினார். அவன் புரியாமல் பார்த்தான். பிறகு செவிக்கருவியைத் தந்தையின் காதில் தானே பொருத்தி, ஒரு பாட்டை வைத்தான். அது முடிந்ததும் இன்னொன்று, பிறகு மற்றொன்று. அவர் திண்ணையின் விளிம்பில், தறிக்குழியில் அமர்வது போலக் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்து, கண்ணை மூடிக் கேட்டார். மூன்று பாட்டும் முடிந்தபின் கருவியைக் கழற்றி மகன் கையில் கொடுத்தார்.

"இழை அறுகாமத்தான் ஓடுது. கை சுத்தமாத்தான் இருக்கு. கரைதான் எல்லாச் சேலைக்கும் ஒண்ணா இருக்கு" என்றார்.

மகன் சிரித்தான். "நாலாவது ஒண்ணு இருக்குப்பா. அதுல கரை வேற" என்று மீண்டும் கருவியை எடுத்தான். அவர் மறுக்கவில்லை, காதை அவன் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.